பெட்டியோடு வந்த ஸ்கோப்

என் முதல் ஏர் ரைஃபிளின் அட்டைப்பெட்டியில் துப்பாக்கியின் படத்தைவிட, அதன்மேல் பொருத்திக் குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியான ஸ்கோப்பின் படமே பெரிதாக இருந்தது. உள்ளே ஒரு 4×32 (நான்கு மடங்கு உருப்பெருக்கம், 32 மி.மீ. முன்லென்ஸ்) ஸ்கோப்பும், அதைப் பிடித்து நிறுத்த இரண்டு மெல்லிய அலுமினிய வளையங்களும், ஒரு சிறிய அறுகோணச் சாவியும் இருந்தன. அன்று மாலைக்குள் அதைப் பொருத்திவிட்டேன். அடுத்த நான்கு மாதங்கள் அதனோடு போராடினேன். அந்த மாதங்களில் என் மூச்சைச் சந்தேகித்தேன், விசையை இழுக்கும் விரலைச் சந்தேகித்தேன், சுடும் குண்டான பெல்லட்டை மூன்று முறை மாற்றினேன், துப்பாக்கிக் கட்டையின் திருகுகளை இறுக்கினேன், பிஸ்டனின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதோ என்றுகூட எண்ணினேன். ஸ்கோப்பின் மீது மட்டும் சந்தேகம் எழவில்லை. அதன் வழியே பார்த்தால் இலக்கு துலக்கமாகத் தெரிந்தது, குறுக்குக்கோடு கறுப்பாக அசையாமல் நின்றது. இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற ஒன்று தவறாகக் காட்டும் என்று புதிதாகச் சுடப் பழகுகிறவருக்கு எப்படித் தோன்றும்?

மலிவான ஏர் ரைஃபிள்களோடு இணைத்துத் தரப்படும் ஸ்கோப்புகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் படத்தின் தெளிவைப் பற்றியதாகவே இருக்கிறது. மங்கலாக இருக்கிறது, ஓரங்களில் வண்ணம் பிரிகிறது, அந்தி வேளையில் உதவாது என்பார்கள். அவை உண்மைதான் என்றாலும், என் அனுபவத்தில் அவை இரண்டாம்பட்சமான குறைகள். கொஞ்சம் மங்கலான ஸ்கோப்பை வைத்துக்கொண்டு நன்றாகச் சுடலாம். நேற்று வைத்த இடத்தில் இன்று நிற்காத ஸ்கோப்பை வைத்துக்கொண்டு எதையும் கற்றுக்கொள்ளவே முடியாது. துளை இடம் மாறும்போது காரணம் கையிலா கருவியிலா என்று பிரித்தறிய, இரண்டில் ஒன்றாவது நிலையாக இருக்க வேண்டும். புதியவரின் கை நிலையாக இருக்காது. அதற்காகத்தான் அவர் பழகுகிறார். கருவியும் நிலையில்லாமல் போனால் அவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

இந்த நிலையின்மை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிள் சுடும் கணத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வெடிமருந்துத் துப்பாக்கி சுடும்போது பின்னோக்கி ஒரு முறை உதைக்கிறது. ஸ்பிரிங் ரைஃபிளில் நடப்பது வேறு. விசையை இழுத்ததும் அழுத்தி வைத்திருந்த ஸ்பிரிங் கனமான பிஸ்டனை முன்னோக்கித் தள்ளுகிறது. அதன் எதிர்விளைவாகத் துப்பாக்கி பின்னோக்கி நகர்கிறது. பிறகு, உருளையின் முனையில் நெரிந்த காற்றின் மீது பிஸ்டன் மோதித் திடீரென நிற்கும்போது, துப்பாக்கி முன்னோக்கிக் குலுங்குகிறது. பின்னால் ஓர் உதை, உடனே முன்னால் ஓர் இழுப்பு. இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஸ்பிரிங்குக்குப் பதிலாக வாயு நிரப்பிய கேஸ் ராம் பொருத்திய துப்பாக்கிகளில் ஸ்பிரிங்கின் அதிர்வும் முறுக்கமும் இருக்காது. ஆனாலும் இந்த இருதிசை அதிர்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

பின்னுதைப்பை மட்டும் எண்ணி அமைக்கப்பட்ட ஸ்கோப்பில் லென்ஸுகள் ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் ஒப்புக்கும் தாங்கப்பட்டிருக்கும். பெரிய வேட்டைத் துப்பாக்கியில் ஆண்டுக்கணக்காக உழைத்த நல்ல ஸ்கோப்பே ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் சில நூறு சூடுகளுக்குள் கெட்டுப்போனதாக அனுபவசாலிகள் சொல்லும்போது, கேட்பவர் நம்ப மறுப்பார். காற்றால் சுடும் துப்பாக்கிக்கு அவ்வளவு வலிமை ஏது என்பது அவருடைய எண்ணம். வலிமை குறைவுதான், திசைதான் வேறு. ஏர் ரைஃபிளுக்கென்றே சோதிக்கப்பட்ட ஸ்கோப்புகளில் லென்ஸுகளை இருபுறமும் பூட்டியிருப்பார்கள். பெட்டியோடு வரும் ஸ்கோப்பில் அந்தப் பூட்டு பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் வளையமும் ஒரு சொட்டுப் பசையும்தான். நான்கு மாதத்துக்குப் பிறகு என்னுடையதைப் பிரித்துப் பார்த்தபோது நான் கண்டது இதையே.

ஆனால் அதைவிட முக்கியமான குறை ஸ்கோப்பின் நடுவில் இருக்கிறது. வெளிக்குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய் உண்டு. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸுகள் அதற்குள் இருக்கின்றன. மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள இரண்டு திருகுக் குமிழ்கள் இந்த உள் குழாயைத் தள்ளுகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் அதைக் குமிழ்களின் மீது அழுத்திப் பிடிக்கிறது. குமிழை ஒரு கிளிக், அதாவது ஒரு சிறு படி, திருப்பும்போது நகர்வது இந்தக் குழாய்தான். அந்த ஸ்பிரிங் வலுவாக இருந்தால் குழாய் ஒவ்வொரு உதைக்குப் பிறகும் பழைய இடத்துக்கே திரும்பும். என் ஸ்கோப்பில் இருந்தது நகத்தால் வளைக்கக்கூடிய ஒரு தகடு.

இங்கேதான் மலிவான துப்பாக்கியின் குறையும் மலிவான ஸ்கோப்பின் குறையும் ஒன்றை ஒன்று பெருக்கிக்கொள்கின்றன. பேரலை, அதாவது குழலை, மடக்கி ஏற்றும் வகைத் துப்பாக்கிகளில் பேரல் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது மிகவும் சாதாரணம். ஓப்பன் சைட் எனப்படும் லென்ஸ் இல்லாத முன்குறியையும் பின்குறியையும் பயன்படுத்துகிறவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் முன்குறி பேரலின் முனையிலேயே இருக்கிறது, பேரலோடு சேர்ந்து சாய்கிறது. ஸ்கோப் உட்காருவதோ பின்னால் உள்ள உருளையின் மீது. அதனால் ஸ்கோப் நேராகப் பார்க்கும், பேரல் கீழே பார்க்கும். என் துப்பாக்கியில் 20 மீட்டரில் துளை குறுக்குக்கோட்டுக்கு 11 செ.மீ. கீழே விழுந்தது. இந்த வகை ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் என்பது பொதுவாகக் கால் கோண நிமிடம். 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மி.மீ., 20 மீட்டரில் ஒன்றரை மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. ஆகவே 11 செ.மீ. ஏற்றுவதற்கு நான் 75 கிளிக்குக்கு மேல் திருப்ப வேண்டியிருந்தது. மேல்குமிழ் அதன் எல்லையை நெருங்கிவிட்டது. குமிழைத் திருப்பி உயர்த்த உயர்த்த அந்தத் திருகு வெளியே வருகிறது, உள் குழாய் மேலே எழுகிறது, அடியில் தாங்கும் தகடு விரிந்து தன் அழுத்தத்தை இழக்கிறது. எல்லைக்கு அருகில் அது குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறதே தவிரப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு குலுங்கலுக்கும் குழாய் தனக்குத் தோன்றிய இடத்தில் உட்காரும். ஐந்து சூடுகள் ஒரே இடத்தில் விழும். ஆறாவது இரண்டு விரல் தள்ளி விழும். அடுத்த நான்கு அந்தப் புதிய இடத்தில் விழும். இப்படிக் கூட்டம் கூட்டமாக இடம்பெயரும் துளைகளைக் கண்டால் கையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். கையின் தவறு துளைகளைச் சிதறடிக்கும். இப்படி மொத்தமாகக் குடிபெயர்த்துவிடாது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. குமிழை நான்கு கிளிக் திருப்பினால் உடனே ஒன்றும் மாறாது. இரண்டு சூடு சுட்ட பிறகு, அந்த அதிர்ச்சியில் உள் குழாய் திடீரென நகர்ந்து, கேட்ட நான்கு கிளிக்கையும் ஒரே தாவலில் கொடுக்கும். அதற்குள் நாம் போதவில்லை என்று எண்ணி இன்னும் நான்கு திருப்பியிருப்போம். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் குமிழின் மீது திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டும் பழக்கம் இதனால்தான் வந்தது. நானும் தட்டினேன், ஓரளவுக்குப் பயன் இருந்தது.

பேரலின் சாய்வைத் திருத்தச் சரியான இடம் குமிழ் அல்ல, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட். பின்வளையத்துக்கு அடியில் மெல்லிய ஃபிலிம் துண்டு ஒன்றை வைத்தால் ஸ்கோப்பின் பின்பக்கம் உயர்ந்து, அதன் பார்வை பேரலைப் போலவே சற்றுக் கீழ்நோக்கும். கணக்கும் எளிது. வளையங்களுக்கு இடையே 10 செ.மீ. இருந்தால், பத்தில் ஒரு மி.மீ. தடிமன் 20 மீட்டரில் 2 செ.மீ. உயர்த்தும். எனக்கு வேண்டியிருந்ததோ 11 செ.மீ.; அரை மி.மீ.க்கும் அதிகமான தடிமன் தேவைப்பட்டது. அவ்வளவு வைத்துவிட்டு வளையங்களை இறுக்கினால் மெல்லிய குழாய் வளைந்துவிடும், அதன் உள்ளே இருக்கும் எல்லாமும் சிக்கிக்கொள்ளும். அந்த அளவுக்குச் சாய்ந்த பேரலுக்கு, சாய்வைக் கணக்கில் கொண்டு செய்யப்பட்ட மவுண்ட் அல்லது உயரம் மாற்றக்கூடிய மவுண்ட்தான் தீர்வு. அதைப் பொருத்துவதற்கு முன் ஸ்கோப்பின் குமிழ்களை நடு நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு கண்ணாடியின் மீது ஸ்கோப்பின் முன்முகத்தை ஒட்டி வைத்து உள்ளே பார்த்தால், உண்மையான குறுக்குக்கோட்டுடன் அதன் மங்கலான பிரதிபலிப்பும் தெரியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை குமிழ்களைத் திருப்பினால் போதும்.

பெட்டியில் வரும் வளையங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: அவற்றை மாற்றிவிடுங்கள். ஏர் ரைஃபிளின் முதுகில் உள்ள 11 மி.மீ. பள்ளத்தை ஒற்றைத் திருகால் கவ்வும் அந்த மெல்லிய வளையங்கள் ஒவ்வொரு சூட்டுக்கும் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் ஊர்கின்றன. ஊர்வதைத் தடுக்கும் ஆணி உள்ள, நீளமான ஒற்றைத் துண்டு மவுண்ட் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்கோப் நகர்கிறதா என்று அறிய, வளையத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும். என் கோடு 30 சூடுகளுக்குள் வளையத்தை விட்டு விலகித் தெரிந்தது.

இனி, இடமாறு தோற்றப் பிழை. பள்ளியில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு மாறும் என்று படித்தது இங்கே நேராகத் துளையில் தெரிகிறது. ஸ்கோப்பில் இலக்கின் பிம்பமும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் விழுந்தால் கண்ணை எங்கே வைத்தாலும் குறி மாறாது. அப்படி ஒரே தளத்தில் விழுவது ஒரு குறிப்பிட்ட தொலைவுக்குத்தான். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளில் அந்தத் தொலைவைப் பொதுவாக 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு, வைத்துவிடுவார்கள். விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறு தோட்டாக்களைச் சுடும் ரிம்ஃபயர் துப்பாக்கிகளுக்கு 50 கெஜம். ஏர் ரைஃபிளில் நாம் சுடுவதோ 10 மீட்டரிலும் 20 மீட்டரிலும். 32 மி.மீ. முன்லென்ஸும் 91 மீட்டர் அமைப்பும் உள்ள ஒரு ஸ்கோப்பை 20 மீட்டரில் பயன்படுத்தினால், கண் முற்றிலும் ஓரத்துக்குப் போகும்போது குறி 12 மி.மீ.க்கு மேல் விலகும். ஒரு பக்கத்துக்கு 12, எதிர்ப்பக்கத்துக்கு 12. துப்பாக்கி ஒரு விரற்கடை அகலத்தில் ஐந்து துளைகளைப் போடக்கூடியதாக இருந்தாலும், கன்னம் கட்டையில் படியும் இடம் சிறிது மாறினால் அந்தத் திறன் அனைத்தும் வீணாகிறது. பெட்டியோடு வரும் 4×32 ஸ்கோப்புகளில் இந்தத் தொலைவை மாற்றும் வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. எந்தத் தொலைவுக்கு வைத்திருக்கிறார்கள் என்பதையும் பெட்டியில் அச்சிடுவதில்லை, அதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. ஒரே ஒரு எண்ணை அச்சிட்டிருந்தால், வாங்குகிறவர் குழம்பாமல் தன் தலையின் நிலையைக் கவனித்திருப்பார்.

இதைச் சோதிக்கச் சுட வேண்டிய அவசியம்கூட இல்லை. பெல்லட் ஏற்றாத துப்பாக்கியை மணல் பையில் அசையாமல் படுக்கவைத்து, குறுக்குக்கோட்டை ஒரு புள்ளியில் நிறுத்தி, துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பாருங்கள். புள்ளியை விட்டுக் குறுக்குக்கோடு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு பிழை உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. பல ஸ்கோப்புகளில் முன்முனையில் உள்ள பூட்டு வளையத்தைக் கழற்றிப் பொருளருகு லென்ஸைச் சற்றுத் திருகினால், இந்தத் தொலைவை 20 மீட்டருக்குக் குறைத்துக்கொள்ளலாம். நான் அதைச் செய்து பார்த்தேன், தலை அசைவால் வரும் நகர்வு ஏறக்குறைய நின்றுபோனது. உள்ளே அடைத்த நைட்ரஜன் வெளியேறிவிடும் என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. பெட்டியோடு வரும் ஸ்கோப்புகள் பலவற்றில் வெளியேறுவதற்கு நைட்ரஜனே இருப்பதில்லை. ஈரமான காலை ஒன்றில் உள்பக்கம் பனி படர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

லென்ஸைப் பற்றியும் சிறிது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஆறு லென்ஸுகள் என்றால் பன்னிரண்டு பரப்புகள். 100 பங்கு ஒளி உள்ளே போனால் 61 பங்குதான் கண்ணை அடையும். திரும்பிய ஒளி வெறுமனே போய்விடாமல் குழாய்க்குள் சிதறிப் படத்தை வெளிறச் செய்கிறது. நல்ல பலஅடுக்குப் பூச்சு இந்த இழப்பை ஒரு பரப்புக்கு அரை விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவரும். முன்பக்கம் மாணிக்கச் சிவப்பாக மின்னும் லென்ஸைக் கண்டு மயங்குகிறவர்கள், அந்தச் சிவப்பு முழுவதும் தங்கள் கண்ணுக்கு வராமல் திரும்பிப் போன ஒளி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதன் வழியே பார்க்கும் உலகம் பச்சை சாய்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

இவற்றில் மிகவும் எளியது 4×20 என்று அச்சிட்ட, விரல் தடிமனான சின்ன ஸ்கோப். அந்த 20 என்பது முன்லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். அதை உருப்பெருக்கம் 4-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம், 5 மி.மீ. பகல் வெளிச்சத்தில் கண்பாவை 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குத்தான் திறந்திருக்கும் என்பதால் 5 மி.மீ. தாராளம். ஆனால் லென்ஸின் ஓரங்களில் பிம்பம் கெடுவதை மறைப்பதற்காக உள்ளே ஒரு துளைத் தகட்டை வைத்து, லென்ஸின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் தயாரிப்பாளர்கள் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் போதும். ஸ்கோப்பை வெளிச்சமான சுவரை நோக்கி, கை நீளத்தில் பிடித்துக் கண்ணருகு லென்ஸைப் பார்த்தால் அதன் நடுவில் ஒரு ஒளிவட்டம் தெரியும். அதை அளந்து உருப்பெருக்கத்தால் பெருக்கினால், முன்லென்ஸில் உண்மையில் வேலை செய்யும் பகுதியின் விட்டம் கிடைக்கும்.

தயாரிப்பாளர்களின் நிலையையும் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் ஸ்கோப் இருந்தால் விற்பனையாகும்; அதற்கு ஒதுக்கக்கூடிய தொகை சொற்பம். அந்தச் சொற்பத்தில் நிலையான உள் குழாயும் இருபுறமும் பூட்டிய லென்ஸும் தர முடியாது. இது எனக்குப் புரிகிறது. புரியாதது, ஸ்கோப்பைச் சேர்க்கிறோம் என்ற சாக்கில் ஓப்பன் சைட்டை எடுத்துவிடுவது. பல மாதிரிகளில் பேரல் இப்போது மொட்டையாக வருகிறது. ஓப்பன் சைட்டில் நகரும் பாகங்கள் மிகக் குறைவு, குலுங்கி உடைய லென்ஸ் இல்லை, பேரலின் சாய்வு அதைப் பாதிப்பதில்லை. 1984 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றிருக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மி.மீ.தான், அந்தப் போட்டியாளர்கள் சிறு துளை வழியே பார்த்துத்தான் சுடுகிறார்கள், உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு அங்கே அனுமதி இல்லை. 10 மீட்டரில் பழகும் ஒருவருக்கு ஸ்கோப் இன்றியமையாதது என்ற எண்ணத்தை அந்த மொட்டைப் பேரல்தான் உண்டாக்குகிறது.

பெட்டியோடு வரும் எல்லாமே பயனற்றவை என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாகாது. அழுத்தக் காற்றை முன்பே நிரப்பிச் சுடும் பிசிபி வகைத் துப்பாக்கியில் உதை மிகச் சிறிது. ஸ்பிரிங் ரைஃபிளில் ஒரு மாதம் தாங்காத ஸ்கோப் அதில் நெடுநாள் நிலைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முன்லென்ஸில் தொலைவு மாற்றும் வளையம் உள்ள 3-9×40 ஒன்று நண்பர் ஒருவரின் துப்பாக்கியோடு வந்தது. அதன் கிளிக்குகள் சொன்னபடி நகர்ந்தன. ஒன்பது மடங்குக்குப் போனால் படம் கரைந்துவிடும் என்பதால் அவர் அதை நான்கிலேயே வைத்துச் சுடுகிறார். தனியாக ஒரு ஸ்கோப் வாங்குகிறவருக்கு நான் சொல்வதும் அதையொட்டியதே: பெரிய எண்களை விட்டுவிட்டு, ஏர் ரைஃபிளின் இருதிசை உதையைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் உறுதி தருகிற, 10 மீட்டர் வரை தொலைவு குறைக்கக்கூடிய ஒன்றை வாங்குங்கள்.

சென்ற விடுமுறையில், கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன் புதிதாக வாங்கிய ரைஃபிளோடு வந்தான். "மாமா, எவ்வளவு சுட்டாலும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. என் கைதான் சரியில்லையா?" என்று கேட்டபோது அவன் குரலில் இருந்த சோர்வு எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். அவனுடையதில் ஓப்பன் சைட் இருந்தது. ஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, 10 மீட்டரில், கட்டையை இறுகப் பற்றாமல் உள்ளங்கையில் தளர்வாகத் தாங்கச் சொல்லி ஐந்து சூடு சுடவைத்தேன். ஐந்தும் ஒரு நாணயத்தால் மூடக்கூடிய இடத்தில் விழுந்தன. அவன் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கழற்றிய ஸ்கோப்பைக் கையில் எடுத்து, இதில் என்னதான் கோளாறு என்று கேட்டான். சுவர் வெளிச்சத்தில் ஒளிவட்டத்தை எப்படி அளப்பது என்று காட்டிக் கொடுத்தேன். அளவுகோலை லென்ஸின் மீது வைத்து மூன்று முறை அளந்தான்; மூன்று முறையும் 3 மி.மீ.தான் வந்தது. பெட்டியில் 4×20 என்று அச்சிட்டிருந்ததில், 20-க்குக் கீழே பென்சிலால் 12 என்று எழுதினான்.